ஸ்ட்ரோக்குன்னா பயப்படாதீங்க!

"அய்யா, எம் புள்ளைக்கு நேத்து ரெண்டு தடவை ஸ்ட்ரோக் வந்துருச்சாம். அதையும் போன்ல சிரிச்சுக்கிட்டே சொல்றாய்யா!"

திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. அவர் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பாரிச வாயு. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய், மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வந்தவர். இப்போது கம்பை ஊன்றி நடக்கிறார். அந்த வீட்டில் 'ஸ்ட்ரோக்' என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

மகள் சென்னையில் காலேஜ் படிக்கிறாள். ஹாஸ்டல் வாசம்.

"என்ன பண்ணிக்கிட்டிருந்தப்ப வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஏதோ ஸ்குவாஷாம்யா. நான் குடிக்கிற ஜூஸுன்னு நெனைச்சேன். பந்தாட்டமாம். அவுக அப்பாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துருச்சேன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை. பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து சேருன்னு சொல்லிட்டேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கே போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். "அம்மா, ஸ்ட்ரோக்னா வியாதி இல்லம்மா. ரெஃபரி எனக்குக் குடுத்த பாயிண்ட்! ரெண்டு ஸ்ட்ரோக்னா ரெண்டு பாயிண்ட்!" என்று அந்தப் பக்கம் ஒரே கத்தல். இந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை புரியாததால் ஒரு பெண்ணின் விளையாட்டு மட்டுமல்ல, படிப்பே நின்றுபோக இருந்தது. இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. 'சித்த வைத்தியருக்கு இங்கிலீஷ் ஆட்டத்தில் என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். என் தங்கை மகன் இந்த ஆட்டத்தை ஆடுகிறவன். அவனோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் பழகியது. பார்த்தபோது ஒன்று புரிந்தது. இந்த ஆட்டத்தின் முக்கியமான வார்த்தைகள் பாதி, உடம்புக்கு அடிபடாமல் காப்பதற்காகவே உண்டானவை!

அது என்ன ஸ்குவாஷ்?

சின்ன வயதில் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதை மறுபடி அடித்து விளையாடியிருப்பீர்கள். அதையே இரண்டு பேர், நாலு சுவருக்குள், ராக்கெட் என்கிற மட்டையை வைத்துக்கொண்டு மாறி மாறி ஆடினால் அதுதான் ஸ்குவாஷ்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹாரோ என்ற பள்ளிக்கூடத்துப் பையன்களிடமிருந்து வளர்ந்த ஆட்டம் இது. சுவரில் பட்டதும் நசுங்குகிற மெத்தென்ற பந்தால் வந்த பெயர். 'ஸ்குவாஷ்' என்றால் நசுங்குவது, பிழிவது. நாம் குடிக்கும் ஆரஞ்சு ஸ்குவாஷுக்கும் அதே வார்த்தைதான். ஆகவே அந்த அம்மா ஜூஸ் என்று நினைத்ததில் தப்பே இல்லை!

வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்து முகாம்களிலும் கிளப்புகளிலும் இங்கே வந்து சேர்ந்த ஆட்டம், இன்றைக்கு நம் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. சென்னை நேரு பூங்காவில் உள்ள அகாடமியில் பயிற்சி பெற்றவர்கள் உலகம் பூராவும் பேர் வாங்கியிருக்கிறார்கள். சென்னைப் பெண்கள் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வாங்கினார்கள். அந்தத் தீபிகா 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்து, 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் பட்டங்கள் இரண்டை வென்றார். 2025 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பையை இந்தியா முதல் தடவையாக வென்றது. அந்த அணியில் ஜோஷ்னாவோடு அபய் சிங், அனாஹத் சிங், சேலத்துக்காரரான வேலவன் செந்தில்குமார் ஆகியோர் இருந்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாக இடம்பெறப் போகிறது. இனிமேல் இந்த வார்த்தைகள் நம் வீட்டு டி.வி.யிலும் அடிக்கடி கேட்கும்.

சரி, வார்த்தைகளுக்கு வருவோம்.

ஆடும் இடம்

கோர்ட்: 32 அடி நீளம், 21 அடி அகலம் உள்ள ஒரு மூடிய அறை. பள்ளிக்கூட வகுப்பறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். டென்னிஸ் மாதிரி நடுவில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற லெட், ஸ்ட்ரோக் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

டின்: எதிரே இருக்கும் சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தகரப் பட்டை. பந்து பட்டால் 'டங்'கென்று சத்தம் வரும். பட்டால் பாயிண்ட் போச்சு. பெரிய தொழில்முறைப் போட்டிகளில் இந்த உயரம் 43 சென்டிமீட்டர்தான்.

அவுட் லைன்: சுவரின் மேல் எல்லைக்கோடு. முன்சுவரில் 15 அடி உயரத்தில் தொடங்கி, பக்கச் சுவர்களில் சரிந்து இறங்கி, பின்சுவரில் 7 அடியில் முடியும். அந்தக் கோட்டிலோ அதற்கு மேலோ பந்து பட்டால் 'அவுட்'.

சர்வீஸ் பாக்ஸ்: தரையில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக இருக்கும் சின்னச் சதுரக் கட்டம். ஆட்டத்தைத் தொடங்குகிறவர் ஒரு காலையாவது இதற்குள் வைத்திருக்க வேண்டும்.

டி: தரையில் குறுக்கே ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து பின்சுவர் வரை இன்னொரு கோடு. இரண்டும் சேருமிடம் இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி இருக்கும். அங்கே நின்றால் நாலு மூலைக்கும் சீக்கிரம் போய்ச் சேரலாம். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு அங்கேயே திரும்பி வரப் பார்ப்பார்கள். 'இன்னிக்கு டி-யைப் பிடிக்கவே முடியலை' என்று பிள்ளை சொன்னால், எதிராளி நன்றாக ஓடவிட்டிருக்கிறார் என்று அர்த்தம்!

கணக்கு வழக்கு

சர்வ்: முதல் அடி. பந்து முன்சுவரில் நடுக்கோட்டுக்கு மேலும் அவுட் லைனுக்குக் கீழும் பட்டு, எதிராளி நிற்கும் பக்கத்துப் பின்கட்டத்தில் வந்து விழ வேண்டும். டென்னிஸ் போல இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தப்பினால் 'ஃபால்ட்', பாயிண்ட் எதிராளிக்கு.

ராலி: சர்விலிருந்து ஒருவர் தவறும்வரை நடக்கிற அடியும் பதிலடியும். பந்து தரையில் ஒரு தடவைக்கு மேல் துள்ளுவதற்குள் திருப்பி அடிக்க வேண்டும். பக்கச் சுவரில் பட்டுப் போனாலும் பரவாயில்லை, தரையைத் தொடாமல் முன்சுவரைத் தொட்டாக வேண்டும்.

லவ் ஆல்: காதல் விஷயம் இல்லை! 'லவ்' என்றால் பூஜ்யம். இரண்டு பேருக்கும் பூஜ்யம் என்பதை இப்படிச் சொல்லித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

ஹேண்ட் அவுட்: சர்வ் போடும் உரிமை கைமாறிவிட்டது என்ற அறிவிப்பு. யார் ராலியில் ஜெயித்தாரோ அவருக்கே பாயிண்ட், அவருக்கே அடுத்த சர்வ்.

கேம், மேட்ச்: 11 பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம். ஐந்தில் மூன்று கேமை ஜெயித்தால் மேட்ச். 10-10 என்று நின்றால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். முன்பெல்லாம் 9 பாயிண்ட்தான், அதுவும் சர்வ் போடுகிறவர் மட்டுமே பாயிண்ட் எடுக்க முடியும். 2009 முதல் உலக சம்மேளனம் 11 பாயிண்ட் முறைக்கு மாற்றிவிட்டது. சென்னை உலகக் கோப்பையில் கேமை 7 பாயிண்டாகவே சுருக்கினார்கள்.

கேம் பால், மேட்ச் பால்: இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் கேம் முடியும், அல்லது மேட்சே முடியும் என்கிற கட்டம். அந்த நேரத்தில் போன் போடாதீர்கள்!

டவுன், நாட் அப்: பந்து டின்னில் பட்டாலோ, சுவருக்குப் போகுமுன் தரையில் விழுந்தாலோ 'டவுன்'. இரண்டு தடவை துள்ளிய பிறகு அடித்தால் 'நாட் அப்'. உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை!

அடிகளின் பேர்

டிரைவ்: பக்கச் சுவரை ஒட்டி நேராகப் பின்மூலைக்கு அனுப்பும் அடி. இதுதான் இந்த ஆட்டத்தின் சோறு. மற்றதெல்லாம் கூட்டு, பொரியல். சுவரை உரசிக்கொண்டே போனால் 'டைட்' என்பார்கள்.

கிராஸ் கோர்ட்: குறுக்கே எதிர்ப்பக்கத்துக்கு அடிப்பது.

டிராப்: மெதுவாகத் தட்டி, டின்னுக்கு மேலே பட்டு முன்சுவர் ஓரத்திலேயே விழ வைப்பது. பின்னால் நிற்கும் எதிராளி விழுந்தடித்து ஓடி வர வேண்டும்.

லாப்: உயரத் தூக்கி, தலைக்கு மேலே போய்ப் பின்மூலையில் இறங்கும்படி அடிப்பது. மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

வாலி: தரையில் துள்ளுமுன் காற்றிலேயே அடிப்பது.

போஸ்ட்: தபால் இல்லை! முதலில் பக்கச் சுவரில் அடித்து, அதிலிருந்து முன்சுவருக்குப் பந்தை அனுப்புவது. பின்மூலையில் மாட்டிக்கொண்டவர் தப்பிக்கும் வழி.

நிக்: சுவரும் தரையும் சேருகிற இடுக்கு. பந்து அங்கே போய் விழுந்தால் துள்ளாமல் உருண்டே போய்விடும். யாராலும் எடுக்க முடியாது.

லெட், ஸ்ட்ரோக், நோ லெட்

இப்போது அந்த அம்மாவைத் தூங்க விடாத வார்த்தைக்கு வருவோம்.

வலையில்லாத ஒரே அறைக்குள் இரண்டு பேர். இருவர் கையிலும் மட்டை. பெரிய ஆட்டக்காரர்கள் ஓங்கி அடித்தால் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். நான் அடிக்கப் போகும்போது நீங்கள் வழியில் நின்றால் என்ன ஆகும்? மட்டை உங்கள் முகத்தில் படும். இல்லாவிட்டால் பந்து முதுகில் பழுக்கும். அதனால்தான் இந்த ஆட்டத்தில், சந்தேகம் வந்தால் அடிக்கக் கூடாது. கையை நிறுத்திவிட்டு "லெட், ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். உடனே ரெஃபரி மூன்றில் ஒரு தீர்ப்புச் சொல்வார்.

லெட்: இடைஞ்சல் இருந்தது, ஆனால் எதிராளி விலகத் தன்னால் முடிந்ததைச் செய்தார். யாருக்கும் பாயிண்ட் இல்லை. அந்த ராலியைத் திரும்ப ஆடுங்கள்.

ஸ்ட்ரோக்: எதிராளி விலகப் போதிய முயற்சி எடுக்கவில்லை, அல்லது அடித்திருந்தால் நிச்சயமாக ஜெயிக்கும் அடியைத் தடுத்துவிட்டார். நேரே முன்சுவருக்குப் போகிற பந்தின் வழியில் அவர் நின்றிருந்தாலும் பெரும்பாலும் இதே தீர்ப்புதான். பாயிண்ட் கேட்டவருக்கே!

நோ லெட்: இடைஞ்சலே இல்லை, அல்லது இடைஞ்சல் இல்லாவிட்டாலும் அந்தப் பந்தை எடுத்திருக்க முடியாது. பாயிண்ட் எதிராளிக்கு.

இதில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கவனித்தீர்களா? அடிக்காமல் கையை நிறுத்தினவருக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதற்காகவே லெட்டும் ஸ்ட்ரோக்கும். அவை இல்லாவிட்டால், பாயிண்ட் போய்விடுமே என்ற ஆத்திரத்தில் எதிராளி முதுகென்றும் பார்க்காமல் அடித்துவிடுவார்கள்.

டர்னிங் என்று இன்னொரு வார்த்தை உண்டு. பந்து தன்னைச் சுற்றிப் பின்சுவரில் பட்டு வரும்போது, ஆட்டக்காரர் அதோடு சேர்ந்து சுழன்று மறுபக்கமாக அடிக்கப் போவது. சுழலும் அந்த நேரத்தில் எதிராளி எங்கே நிற்கிறார் என்று தெரியாது. மிகவும் ஆபத்தான தருணம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அடிக்காமல் லெட் கேட்பதே முறை. உங்கள் பிள்ளை இதைக் கற்றுக்கொண்டானா என்று கேளுங்கள்.

காயத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. தானாகவே கால் பிசகினால், சுளுக்கினால் மூன்று நிமிஷம் அவகாசம். ரத்தம் கசிந்தால் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ரத்தம் நின்று, காயத்தை மூடிய பிறகுதான் மறுபடி கோர்ட்டுக்குள் கால் வைக்கலாம்.

ஒரு வைத்தியனாக நான் சொல்வது

கண்: ஸ்குவாஷ் பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். பெரிய பந்தாக இருந்தால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு தாங்கிக்கொள்ளும். இந்தச் சின்னப் பந்து எலும்பைத் தாண்டிக் கண்குழிக்குள்ளேயே போய் இடிக்கும். ஆகவே பாலிகார்பனேட் கண்ணாடி போட்ட விளையாட்டுக் காகிள்ஸ் கட்டாயம். படிக்கப் போடும் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. அது உடைந்து கண்ணுக்குள்ளேயே போகலாம். கண்ணில் அடிபட்டால் பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். கசக்கவும் கூடாது. நேரே கண் மருத்துவரிடம் போங்கள். இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

பந்தின் புள்ளி: பந்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று புள்ளிகள் இருக்கும். இரண்டு மஞ்சள் புள்ளி என்றால் கொஞ்சமே துள்ளும், தேர்ந்தவர்களுக்கு. நீலப் புள்ளி அதிகம் துள்ளும், புதிதாகக் கற்பவர்களுக்கு. 'விலை கூடினது, நல்லது' என்று சின்னப் பிள்ளைக்கு இரண்டு மஞ்சள் பந்தை வாங்கிக் கொடுத்தால், எட்டாத பந்துக்கு ஓடி ஓடிக் காலைச் சுளுக்கிக்கொள்ளும்.

நீர்: மூடிய அறைக்குள் நின்று நின்று ஓடும் ஆட்டம். வேர்வை ஆறாக ஓடும். ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும். முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லது என்ன இருக்கிறது? நம்ம ஊர் வெயிலில் களை வெட்டுகிறவர்களுக்குச் சொல்கிற அதே யோசனைதான்.

சுளுக்கு: புதிதாக வீங்கிய கணுக்காலில் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கட்டு, ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது. வீக்கம் தணிந்த பிறகுதான் தைலமும் தொக்கணமும். காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அப்பாக்களுக்கு: பிள்ளை ஆடுகிறானே என்று நாற்பத்தைந்து வயதில் மட்டையைத் தூக்குகிறவர்கள் உண்டு. தாராளமாக ஆடலாம், ஆனால் பரிசோதனைக்குப் பிறகு. பிரிட்டனில் ஸ்குவாஷ் ஆடியபோதோ ஆடிய பிறகோ திடீரென இறந்த 60 பேரைப் பற்றி 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 51 பேரின் மரணத்துக்குக் காரணம் இதய ரத்தக் குழாய் நோய். 45 பேருக்கு முன்கூட்டியே நெஞ்சு வலி போன்ற அறிகுறிகள் இருந்திருக்கின்றன. 'வாயுப் பிடிப்பு' என்று அலட்சியப்படுத்தாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்து, இதயத்தைப் பரிசோதித்துக்கொண்ட பிறகே கோர்ட்டுக்குள் இறங்குங்கள்.

நிஜ ஸ்ட்ரோக்: வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வைத்தியரைத் தேடி அலைய அது நேரமில்லை. உயிர் பிழைத்து வந்த பிறகு எங்களிடம் வாருங்கள்.

போனில் என்ன கேட்பது?

பிள்ளை போன் பண்ணினால் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "காகிள்ஸ் போட்டுத்தானே ஆடுற?", "ஆடும்போது தண்ணி குடிச்சியா?", "வழியில ஆள் நின்னா அடிக்காம லெட் கேக்குறியா?" என்று கேளுங்கள். மைதானத்துக்கே வராத அம்மாவும் அப்பாவும் தன் ஆட்டத்தின் பாஷையைப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால், அடிபட்ட விஷயத்தையும் பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள்.

"ஸ்ட்ரோக் கிடைச்சுச்சும்மா" என்று சொன்னால், "எத்தனைக்கு எத்தனை?" என்று கேளுங்கள்!